எல்லோஸ்டோனில் புல் மேய்ந்த கிரிஸ்லி கரடி: அதன் உணவுதான் என்ன?

இளமாறன்

மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். லமார் பள்ளத்தாக்கில் சாலையோரம் ஒரு கூட்டம் முக்காலிகளில் தொலைநோக்கியைப் பொருத்தி ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் தம் தொலைநோக்கியில் பார்க்கச் சொல்லி என் மகளைக் கூப்பிட்டார். தோளில் திமில், உள்வாங்கிய முகம், வெயிலில் நுனி வெளுத்துத் தெரிந்த முடி. கிரிஸ்லி!

ஆனால் அது செய்துகொண்டிருந்த வேலைதான் எனக்குப் புரியவில்லை. தலையைத் தூக்காமல் மாடு மாதிரி புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். சற்றுத் தள்ளி பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் ஒன்று செம்பழுப்புக் கன்றுகளோடு நின்றது. கரடி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அருவியில் தாவும் சால்மன் மீனை வாயாலேயே கவ்வும் கரடிகளைத்தான் இதுவரை படங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன். நாங்கள் பார்த்த கரடிக்கு ஏதாவது நோயா? பட்டினியா? புல்லைத் தின்று அவ்வளவு பெரிய உடம்பு எப்படி வரும்? கன்று பக்கத்திலேயே இருந்தும் ஏன் போகவில்லை? என் மகளின் கேள்வியும் ஒன்று உண்டு: குளிர்காலம் முழுக்கத் தூங்கும்போது அதற்குப் பசிக்காதா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேணி, மொன்டானா

இளமாறன், நீங்கள் பார்த்தது நல்ல ஆரோக்கியமான கரடியாகத்தான் இருக்கும். நான் பூங்காவின் வடக்கு வாசலிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். பனி உருகத் தொடங்கியதும் விடுமுறை நாட்களில் லமாரிலோ ஹேடன் பள்ளத்தாக்கிலோ தொலைநோக்கியோடு நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பருவத்தில் புல் மேயும் கிரிஸ்லியைத்தான் அதிகம் பார்க்கிறேன். வேட்டையாடும் கிரிஸ்லியைப் பார்ப்பது அபூர்வம்.

கிரிஸ்லிக்கு இதுதான் உணவு என்று ஒரே பொருளைச் சுட்ட முடியாது. எல்லோஸ்டோன் வட்டாரத்தில் நூறாண்டுகளுக்கு மேல் சேர்ந்த பதிவுகளைத் தொகுத்து 2014இல் ஒரு பட்டியல் வெளியானது. அதில் 266 இனங்கள். மூன்றில் இரண்டு பங்கு தாவரம். மிச்சம் பூச்சி, பாலூட்டி, மீன், காளான். ஆனால் இவை எல்லா நாளும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இந்த வாரம் மலையின் எந்த உயரத்தில், எந்தச் சரிவில், எதில் சத்து இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்து அங்கே போய் நிற்பதுதான் இந்த விலங்கின் பிழைப்பே. இரண்டு மூன்று வருடம் தாயோடு சுற்றும் குட்டி கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் இதைத்தான். வேட்டைத் திறமையைவிட இந்த நினைவுதான் என்னைப் பிரமிக்க வைக்கிறது.

மார்ச்சில் ஆண்கள் முதலில் வளையை விட்டு வரும். புதுக் குட்டி ஈன்ற தாய்கள் ஏப்ரல், மே வரைகூட வெளியே வராது. வந்ததும் தேடுவது குளிர் தாங்காமல் செத்துக் கிடக்கும் எல்க் மானையும் பைசனையும். அது தீர்ந்த பிறகு, அல்லது கிடைக்காதபோது, புல். கரடியின் வயிறு புல்லுக்கு ஏற்றதல்ல. ஒரே அறை, நீளம் குறைந்த குடல், அசைபோடும் வசதி கிடையாது. நார் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். வசந்தத்தில் கிரிஸ்லியின் எச்சத்தைப் பார்த்தால் பச்சைப் புல் உருண்டையாகவே இருக்கும். அதனால்தான் அது முற்றிய புல்லைத் தொடாது. பனி உருகிய ஓரத்தில் புதிதாக முளைத்த, புரதம் மிகுந்த தளிர், டான்டிலியன், குளோவர் இவற்றைத்தான் தேர்ந்து கடிக்கும். கீழே முற்றிவிட்டால் பனி உருகும் எல்லையைத் தொடர்ந்து மேலே ஏறிவிடும். புல்லால் அது கொழுக்காது, இருப்பதை இழக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். உடம்பு வைப்பதெல்லாம் பிற்பாடு.

அந்தத் திமிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது கொழுப்பல்ல, தசை. மண் தோண்டுவதற்கான தசை. முன்னங்கால் நகங்கள் விரல் நீளத்துக்கு இருக்கும். பிஸ்கட்ரூட், யாம்பா போன்ற செடிகளின் கிழங்குக்காகவும் கிளேசியர் லில்லியின் குமிழுக்காகவும் கரடி ஒரு புல்வெளியையே புரட்டிப் போட்டுவிடும். பாக்கெட் கோஃபர் என்ற வளை எலி சேர்த்துவைத்த கிழங்குகள் கிடைத்தால் அவற்றையும் தின்னும், எலி அகப்பட்டால் எலியையும் விடாது. கரடி தோண்டிப்போட்ட இடத்தில் நான் நின்று பார்த்திருக்கிறேன். புல்பற்றை வேரோடு மடித்துப் புரட்டியிருக்கும், மண் ஈரம் காயாமல் இருக்கும். அப்படி ஈரமாக இருந்தால் அங்கே நிற்கக்கூடாது, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் இப்படிக் கிளறிய மண்ணை ஆராய்ந்தபோது, செடிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் அதில் கூடியிருந்ததைக் கண்டார்கள். அங்கே மறுபடி வரும் லில்லிகள் அதிக விதை வைக்கின்றன.

இனி கன்று விஷயம். பைசன் தாய் கன்றை விட்டு விலகாது, கூட்டமும் சேர்ந்து நிற்கும். அந்தக் கொம்புகளின் நடுவே போய்க் காயப்பட்டால் கரடிக்கு அந்த வருடமே போய்விடும். எல்க் மானின் வழி வேறு. அது குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி மேயப் போய்விடும். குட்டி அசையாமல் கிடக்கும். மே கடைசியிலிருந்து ஜூன் வரை கிரிஸ்லி சேஜ் புதர்க்காட்டில் இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து நடந்து அப்படிப் படுத்திருக்கும் குட்டிகளைத் தேடும். சில வாரங்களில் குட்டிக்குக் கால் வந்துவிடும், பிறகு கரடியால் பிடிக்க முடியாது. அந்த வாய்ப்புக் காலம் அவ்வளவு குறுகியது.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஐந்து மாதம், சில இடங்களில் ஏழு மாதம்கூட, அது எதுவும் தின்பதில்லை, குடிப்பதில்லை, சிறுநீர் கழிப்பதில்லை. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்புதான் எரிகிறது. கொழுப்பு எரியும்போது தண்ணீரும் கிடைத்துவிடும். கழிவாகப் போகவேண்டிய யூரியாவை உடம்பு மறுபடி புரதமாக்கிக்கொள்வதால் இவ்வளவு நாள் படுத்தும் தசை அதிகம் கரைவதில்லை. தாய்க்கரடி ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வளைக்குள்ளேயே ஈன்று பாலும் கொடுக்கும். பிறக்கும்போது குட்டி அரைக் கிலோ இருந்தால் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இணை சேர்வது மே, ஜூனில். ஆனால் கரு உடனே கருப்பையில் பதியாது. நவம்பர் வரை அப்படியே மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் தாய் போதிய கொழுப்பு சேர்த்திருந்தால்தான் பதியும். ஆகஸ்ட், செப்டம்பரில் அது என்ன தின்றது என்பதை வைத்துத்தான் பிப்ரவரியில் குட்டி உண்டா இல்லையா என்பதே முடிவாகிறது.

கல்கரி சுதன்

வணக்கம். நான் கனடாவில, கல்கரியில இருக்கிறன். கோடை வந்தால் பான்ஃப் தேசியப் பூங்காப் பக்கம் அடிக்கடி போறனாங்கள். வேணி அக்கா சொன்னதோட எங்கட பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுறன்.

பான்ஃப் கிரிஸ்லிக்கு சால்மன் இல்லை. அதால எங்கட கரடிகள் கடற்கரைக் கரடிகளோட ஒப்பிட்டால் சின்னன். வசந்தத்தில ஹெடிசாரம் எண்ட செடியின்ர வேரைக் கிண்டித் தின்னும். ஆனால் அதுகளின்ர முழு வருசமும் தங்கியிருக்கிறது ஜூலை, ஆகஸ்ட்டில பழுக்கிற பஃபலோபெரியில. சின்னச் சிவப்புப் பழம். நானும் ஒண்டை வாயில போட்டுப் பாத்தன், கசந்து நாக்கெல்லாம் இழுத்திட்டுது. கரடி அந்தக் கிளையை வாயின்ர ஒரு பக்கத்தால இழுத்து, உதட்டால பழத்தை மட்டும் உருவி எடுக்கும். ஒரு நாளைக்கு 2,00,000 பழம் வரைக்கும் தின்னுமாம். ஒரு பழத்தில எவ்வளவு சக்தி இருக்கும் எண்டு யோசியுங்கோ. அதுக்கு முழுநாளும் வாய் ஓயாமல் வேலை செய்ய வேணும்.

பஃபலோபெரி காய்க்கிற காலத்தில சில நடைபாதைகளைப் பூட்டுவினம், அல்லது குறைஞ்சது நாலு பேர் சேர்ந்து நெருக்கமாத்தான் போகலாம் எண்டு சட்டம் போடுவினம். சிலர் அதுக்கு முகம் சுளிக்கினம். எனக்கு அதில கோபம்தான் வரும். நாங்கள் வேற ஒரு பாதையில நடக்கலாம். கரடிக்கு அந்தப் பழம் அந்தச் சரிவில மட்டும்தான் இருக்கு.

இன்னொரு துக்கமான விசயம். பள்ளத்தாக்கு வழியா ரயில் பாதை போகுது. தானிய வண்டிகளில இருந்து கோதுமை, பார்லி தண்டவாளத்தில சிந்தும். தண்டவாள ஓரத்தில வெளிச்சம் கூட எண்டதால புல்லும் பெரிச்செடியும் நல்லா வளரும். சாப்பாடு தேடிக் கரடி அங்க வந்து, ரயில் அடிச்சுச் செத்திருக்கு. ஒரு பெண் கரடி போனால் பான்ஃப் மாதிரி மெதுவாக் குட்டி போடுற இடத்தில அதை ஈடுகட்டக் கனகாலம் எடுக்கும்.

இளமாறன்

வேணி அக்கா, சுதன், இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கரு மிதந்துகொண்டிருக்கும் என்ற இடத்தில் என் மனைவி திரும்ப வாசிக்கச் சொன்னார்.

அக்கா, நீங்கள் பட்டியலில் பூச்சியும் உண்டு என்றீர்கள். எறும்பைச் சொல்கிறீர்களா? அவ்வளவு பெரிய விலங்குக்குப் பூச்சி எந்த மூலைக்கு? பிறகு, சால்மன் இல்லாத இடத்தில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

வேணி, மொன்டானா

எறும்பும் உண்டு. கோடை நடுவில் மட்கிய மரத்தண்டைப் பிளந்து எறும்பையும் முட்டைகளையும் நக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்துப்பூச்சி. உங்கள் இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ஆர்மி கட்வர்ம் என்பது கிழக்கேயுள்ள பெருஞ்சமவெளியில் கோதுமையையும் அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரையும் தின்னும் புழு. விவசாயிகளுக்கு அது பீடை. அந்துப்பூச்சியானதும் வெயிலுக்குத் தப்பி மேற்கே மலைக்குப் பறந்து வருகிறது. அப்சரோக்கா மலைத்தொடரில் மரம் வளரும் எல்லைக்கும் மேலே, 3,000 மீட்டரைத் தாண்டிய கற்சரிவுகளில் வந்து இறங்கும். இரவு முழுக்க மலைப்பூக்களில் தேன் குடிக்கும், பகலில் கல்லிடுக்கில் கூட்டமாக ஒண்டிக்கொள்ளும். தேனெல்லாம் கொழுப்பாகச் சேரச்சேர, கோடை முடிவில் அதன் எடையில் பெரும்பங்கு கொழுப்பாகவே இருக்கும்.

கிரிஸ்லிக்கு இது தெரியும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்த உயரத்துக்கு ஏறிப் போய்க் கல்லைப் புரட்டுகிறது. புரட்டியதும் பூச்சிகள் படபடவென்று எழும், கரடி மூக்கை இடுக்கில் நுழைத்து நக்கும், அடுத்த கல். மற்ற நேரம் தனித்தனியே திரியும் கரடிகள் அங்கே ஒரே சரிவில் பலவாக மேயும். ஒரு பூச்சியில் அரைக் கலோரிதான். ஒரு கரடி ஒரு நாளில் 40,000 வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு மாதம் தின்றால் அதன் ஓராண்டுத் தேவையில் ஏறத்தாழப் பாதி கிடைத்துவிடும். நான் இதை வெகு தூரத்திலிருந்து, எதிர் முகட்டில் நின்று ஒரு முறை பார்த்தேன். கல் உருள்வது கண்ணுக்குத் தெரிந்து ஒரு கணம் கழித்துத்தான் அதன் சத்தம் காதுக்கு வந்தது. அந்தச் சரிவுகளுக்கு யாரும் பக்கத்தில் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளைக் கண்டு கரடி சரிவை விட்டு ஓடினால் அந்த மேய்ச்சல் நேரம் அதற்கு நஷ்டம்.

அடுத்தது வைட்பார்க் பைன் மரத்தின் விதை. ஏறக்குறையப் பாதி கொழுப்பு. இதன் கூம்பு முற்றினாலும் தானாகத் திறக்காது. கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை அலகால் உடைத்து விதையை எடுத்து மண்ணில் புதைத்துவைக்கும். அது மறந்த விதைதான் மரமாகிறது. சிவப்பு அணில் கூம்புகளைக் கடித்துத் தள்ளி ஒரே இடத்தில் குவித்துவைக்கும். கிரிஸ்லி மரம் ஏறிச் சிரமப்படுவதில்லை. மோப்பம் பிடித்து அணிலின் கிடங்கைத் தோண்டி எடுத்துக் கூம்பை மிதித்து உடைத்து விதையை நாக்கால் பொறுக்கும்.

இந்த மரத்தை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வெளியிலிருந்து வந்த பிளிஸ்டர் ரஸ்ட் என்ற பூஞ்சை நோய் ஒருபுறம், குளிர் குறைந்ததால் உயரத்திலும் பெருகிய பைன் வண்டு மறுபுறம். 2000க்குப் பிறகு சரிவு சரிவாக மரங்கள் சிவந்து, பிறகு சாம்பல் நிறமாகி நிற்பதைப் பார்த்தோம். 2022இல் அரசு இதை அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கூம்பு பிடிக்காத வருடங்களில் கரடிகள் கீழே, வீடுகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் அருகில் இறங்குகின்றன. அந்த வருடங்களில்தான் அதிகம் சாகின்றன.

மீனும் இங்கே இருந்தது, இளமாறன். எல்லோஸ்டோன் ஏரியின் கட்த்ரோட் டிரவுட், முட்டையிடச் சிற்றோடைகளில் ஏறிவரும். கணுக்கால் ஆழத் தண்ணீரில் கரடிகள் நின்று பிடிக்கும். யாரோ சட்டத்துக்கு மாறாக ஏரியில் லேக் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். 1994இல்தான் அது தெரியவந்தது. அது கட்த்ரோட்டைத் தின்னும். தான் முட்டையிடுவது ஏரியின் ஆழத்தில், ஓடைக்கு வராது. கரடிக்கு எட்டிய மீன் போய் எட்டாத மீன் வந்துவிட்டது. அந்தக் கரடிகள் பிறகு எல்க் குட்டிகளை அதிகம் தேடத் தொடங்கின. இப்போது பூங்கா ஆட்கள் ஒவ்வொரு வருடமும் வலைபோட்டு லேக் டிரவுட்டை எடுக்கிறார்கள், கட்த்ரோட் கொஞ்சம் கொஞ்சமாக மீள்கிறது.

ஆகஸ்ட் முதல் வளைக்குள் போகும்வரை ஒரு நாளின் பெரும்பகுதி தீனியிலேயே போகும். 20,000 கலோரி வரைகூட உள்ளே போகும். சில கரடிகள் தினமும் ஒன்றரைக் கிலோ ஏறும். மாதாமாதம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு வேறு விலங்கோ என்று தோன்றும்.

அலாஸ்கா வாசி

சால்மன் பற்றி இளமாறன் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். ஆங்கரேஜில் வசிக்கிறேன், கட்மாய் பூங்காவின் புரூக்ஸ் அருவிக்குப் போயிருக்கிறேன். நீங்கள் படத்தில் பார்த்தது பெரும்பாலும் அந்த இடமாகத்தான் இருக்கும். ஜூலையில் சாக்கை சால்மன் அருவியில் தாவும். அங்கே நிற்பவை கடலோரப் பழுப்புக் கரடிகள். கிரிஸ்லியும் அவையும் ஒரே இனம்தான். மீன் சாப்பிட்டு வளரும் ஆண் இலையுதிர் காலத்தில் 450 கிலோவைத் தாண்டும். உள்நாட்டு கிரிஸ்லி ஆண் அதில் பாதி இருந்தாலே பெரியது. வட அமெரிக்கா முழுவதும் பார்த்தால், இறைச்சி, முக்கியமாக சால்மன், எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு உடம்பும் ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளும் கூடுகின்றன.

அருவியின் விளிம்பில் நிற்கும் கரடி கண்ணில் படுகிறது, ஆனால் எல்லாக் கரடியும் அப்படிப் பிடிப்பதில்லை. சில கீழே நுரைக்குள் உட்கார்ந்து காலால் அழுத்திப் பிடிக்கும். சில முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடும். குட்டியோடு வரும் தாய், பெரிய ஆண்களுக்குப் பயந்து, ஓரமாக ஒதுங்கிய இடத்தில் மிச்சமீதிக்குக் காத்திருக்கும். மீன் ஏராளமாக வரும் நாளில் ஒரு கரடி முழுமீனைத் தின்னாது. தோலை உரிக்கும், மூளையைக் கடிக்கும், சினையை நக்கும், மிச்சத்தைப் போட்டுவிடும். கொழுப்பு எங்கே இருக்கிறதோ அதைத்தான் அது எடுக்கிறது. வீணாக்குகிறது என்று நினைக்கவேண்டாம். போட்டதைக் கடற்காகம் தின்கிறது, கரைக்கு இழுத்துப் போனதில் காட்டு மரங்களுக்கு உரம் சேர்கிறது. ஆற்றங்கரை மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜனைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் மீன் என்றால் எப்போதும் மீன்தான் என்றும் சொல்ல முடியாது. கோடியாக் தீவில் 2014 கோடை வெப்பமாக இருந்ததால் சிவப்பு எல்டர்பெரி முன்கூட்டியே, சால்மன் ஏறும் அதே வாரங்களில் பழுத்துவிட்டது. கரடிகள் மீன் நிறைந்த ஓடைகளை விட்டுவிட்டு மலைச்சரிவில் பழம் தின்னப் போய்விட்டன. 2017இல் அந்த ஆய்வு வெளியானது. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். கரடிகளுக்கு விருப்பம்போல் தின்னக் கொடுத்துப் பார்த்ததில், உணவின் சக்தியில் சுமார் 17 சதவீதம் புரதமாக இருக்கும்போதுதான் அவை வேகமாக எடை கூடுகின்றன. சால்மனில் புரதம் மிக அதிகம். அதைச் செரித்துக் கழிக்கவே சக்தி போகும். எல்டர்பெரியில் அந்த அளவுக்கு அருகில் இருக்கிறது. மீன், பழம் இரண்டும் அடுத்தடுத்து வந்தபோது இரண்டையும் தின்றன. ஒரே நேரத்தில் வந்ததும் ஒன்றை இழந்தன. பருவம் தாறுமாறாவது என்றால் இதுதான்.

பிரகதி

இதையெல்லாம் வாசித்ததும் ஒரு கேள்வி. பைன் விதை பொய்க்கிறது, மீன் குறைகிறது, பழம் நேரம் மாறுகிறது. மோசமான வருடத்தில் கரடிகளுக்கு நாமே எங்காவது உணவு வைக்கக்கூடாதா? சாகவிடுவதைவிட அது மேல் இல்லையா?

இளமாறன் செப்டம்பரில் மறுபடி போவதாக வேறொரு இடத்தில் எழுதியிருந்தார். அந்த மாதம் எங்கே பார்க்கலாம் என்றும் யாராவது சொன்னால் எங்களுக்கும் உதவும்.

வேணி, மொன்டானா

பிரகதி, அக்கறையோடுதான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இதற்கு என் பதில் அழுத்தமாக வேண்டாம் என்பதுதான். இது இங்கே நடந்து பார்த்த விஷயம்.

எல்லோஸ்டோனில் விடுதிக் குப்பைகளைக் கொட்டும் மேடுகள் இருந்தன. 1930களில் பார்வையாளர்களுக்கு வரிசையாக இருக்கை போட்டு, குப்பையைக் கொட்டி, கிரிஸ்லிகள் வந்து தின்பதை மாலைநேரக் காட்சியாகவே நடத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரடிகள் அந்த மேட்டைச் சுற்றியே வாழக் கற்றுக்கொண்டன. 1967 ஆகஸ்டில், கிளேசியர் பூங்காவில், ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில் இரண்டு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இரண்டுமே மனித உணவுக்குப் பழகிய கரடிகள். ஓரிடத்தில் விருந்தினர்கள் பார்ப்பதற்காகவே சமையல் மிச்சத்தைப் போட்டுவந்தார்கள்.

அதன்பின் 1970ஐ ஒட்டி எல்லோஸ்டோன் மேடுகளை மூடினார்கள். 1959 முதல் அங்கே கிரிஸ்லிகளை ஆராய்ந்துவந்த ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் சிறிது சிறிதாக மூடச் சொன்னார்கள். பூங்கா கேட்கவில்லை. குப்பையை மட்டுமே நம்பிய கரடிகள் முகாம்களுக்கும் ஊர்களுக்கும் வந்தன. ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1975இல் கிரிஸ்லியைச் சட்டப் பாதுகாப்பில் சேர்த்தபோது இந்த வட்டாரம் முழுவதிலும் மதிப்பிட்ட எண்ணிக்கை 136. இன்று ஏறத்தாழ 1,000. யாரும் உணவு வைத்து அந்த எண்ணிக்கை வரவில்லை. குப்பைத் தொட்டிகளைக் கரடி திறக்க முடியாதபடி மாற்றினார்கள், முகாமில் உணவை இரும்புப் பெட்டியில் பூட்டச் சொன்னார்கள், கரடி புல்லுக்கும் கிழங்குக்கும் பூச்சிக்கும் திரும்பியது. திரும்ப முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒன்று பொய்த்தால் இன்னொன்றுக்குப் போக அதற்குத் தெரியும். போவதற்கு இடம்தான் வேண்டும். தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் வீடு கட்டிக் கோழிக்கூண்டும் பறவைத் தீனியும் ஆப்பிள் மரமும் வைத்துவிட்டு, கரடி வந்ததும் துப்பாக்கி எடுப்பவர்களிடம்தான் நாம் பேசவேண்டும். கோழிக்கூண்டைச் சுற்றி ஒரு மின்வேலி போட்டாலே எத்தனையோ கரடி பிழைக்கும்.

செப்டம்பருக்கு டன்ரேவன் கணவாய், வாஷ்பர்ன் மலைப் பக்கம் பாருங்கள். அங்கே வைட்பார்க் பைன் இன்னும் இருக்கிறது. கூம்பு பிடித்த வருடமாக இருந்தால் சாலையிலிருந்தே தெரியும். ஹேடன் பள்ளத்தாக்கில் அதிகாலையில் ஓநாய்கள் வீழ்த்திய இரை கிடந்தால், வெகு தூரத்தில் சாலையோரம் நின்று தொலைநோக்கியில் பாருங்கள். கிரிஸ்லி வந்து ஓநாய்களைத் துரத்திவிட்டு எடுத்துக்கொள்வதைப் பார்க்க வாய்ப்புண்டு. 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு கரடிக்குக் கிடைத்த ஒரு வரவு அது. 91 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்பது சட்டம். தின்னும் கரடியிடமிருந்து இன்னும் அதிகமாகவே விலகி நில்லுங்கள், வண்டியை விட்டு வெகுதூரம் போகவேண்டாம்.

நடைபாதையில் போவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தின்று மிச்சம் வைத்த உடலைக் கிரிஸ்லி மண்ணும் புல்லும் கிளையும் வாரிப்போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருக்கும். அண்டங்காக்கைகள் ஒரே இடத்தில் சுற்றினாலோ, அழுகல் வாடை வந்தாலோ, வழியில் புதிதாகக் குவித்த மண்மேடு தென்பட்டாலோ, படம் எடுக்க நிற்காதீர்கள். கரடியைத் தடுக்கும் மிளகாய்க் கார ஸ்பிரேயைக் கையில் எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, வந்த பாதையில் திரும்பிவிடுங்கள். வெளியே வந்ததும் ரேஞ்சர் நிலையத்தில் இடத்தைச் சொல்லுங்கள். தேவையானால் பாதையை மூடிவிடுவார்கள்.